எடுத்த கல்

கோடை தன் கடைசி இடியை மேற்கு மலைகளுக்கு அப்பால் உருட்டிவிட்டுப் போய்ப் பதினைந்து நாள் ஆகியிருந்தது. விடியலில் தினைக்கதிர்களின் மேல் வெண்பனி நின்றது. வெயில் ஏறிய பின்னும், பெரியோர் அவையிலிருந்து எழுந்து போகத் தயங்கும் இளையவனைப் போலச் சற்றுப் பொறுத்தே அது கரைந்தது. சிள்வண்டுகள் ஒவ்வொன்றாக வாய் மூடின. சொம்ஜின் ஆறு சேற்று நிறம் நீங்கி, நாணல் பூத்த கரைகளுக்கு நடுவே குற்றம் செய்யாதவள் போல் தெளிந்து நடந்தது. மலைச்சரிவெங்கும் அரிவாளின் ஒலி எழுந்தது. அது கதிர் கொய்யும் ஒலியன்று. இறந்தோரின் மேடுகளில் கோடை முழுதும் வளர்ந்த புல்லை அவரவர் மக்கள் அறுக்கும் ஒலி. நிறைமதித் திருநாள் வருமுன் ஒவ்வொரு மேடும் தலை மழித்த குழந்தை போல் ஆகிவிட வேண்டும். புல் அறுபடாத மேட்டைக் கண்டால் வழிப்போக்கரும் தலையைத் தாழ்த்திக்கொண்டு நடப்பர். அங்கே கிடப்பவருக்கு யாருமில்லை என்பது அதன் பொருள்.

தாக் தல்ஹோவுக்கு அறுக்க ஒரே ஒரு மேடுதான் இருந்தது. அது மலையில் இல்லை. ஆற்றங்கரை மணலில் இருந்தது. அவன் தந்தையின் மேடு. புல்லை அறுத்து முடித்து, இரு முறை வணங்கி எழுந்தவன், அரிவாளை மணலில் படுக்க வைத்து, மேட்டுக்கும் ஆறு அரித்த விளிம்புக்கும் இடையே அளந்தான். சென்ற ஆண்டு மூன்று அரிவாள் நீளம் இருந்தது. இப்போது ஒன்று.

மனைவி சுனிம், அறுத்த புல்லை வாரிக் கட்டிக்கொண்டே அதைப் பார்த்தாள்.

"அடுத்த மழைக்கு மாமா நம்மகிட்ட இருக்க மாட்டாரு," என்றாள்.

"தெரியுது."

"பன்னண்டு வருஷமா கல்லும் பலகையுமா உக்காந்திருக்கீங்க. இன்னும் ஒரு வருஷம் பழகிக்கிட்டுப் போலாம்னு இருந்தா, நீங்க ஜெயிச்சாலும் தோத்தாலும் ஆத்துக்குத்தான் லாபம்."

"இன்னிக்குப் போறேன்."

அவள் கட்டை இறுக்கி முடிச்சிட்டாள். "அந்த ஆளு வீட்டுல எது குடுத்தாலும் குடிக்காதீங்க," என்று மட்டும் சொன்னாள்.

ஊருக்கு வடக்கே பைன் மரங்கள் அடர்ந்த ஒரு சிறு மலை உண்டு. அது தாக் குடியின் மலை. தல்ஹோவின் பாட்டனார் அதன் இடுப்பில் துயில்கிறார். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், மழை ஏழு நாள் திரையிட்டுப் பெய்த ஒரு வாரத்தில், குக் சம்போங் தன் தாயின் உடலைக் கொண்டுவந்து அந்தப் பாட்டனாரின் தலைக்கு மேலே மேடெழுப்பிவிட்டார். நிலநூல் பார்ப்பவன் எவனோ, அந்த இடத்தில் தாய் கிடந்தால் மகன் வீட்டில் மூன்று தலைமுறைக்குச் செல்வாக்குக் குறையாது என்று சொல்லியிருந்தான். சம்போங் என்பது அரசர் கல்லறையைக் காக்கும் சிறு பதவியின் பெயர். குக் ஒரு நாளும் எந்தக் கல்லறையையும் காத்தவரல்லர். பட்டத்தை மட்டும் வாங்கி வைத்திருந்தார். பிறர் எழுப்பிய மேட்டைத் தோண்டினால் தலை போகும் என்பது அரச நீதி. திருடி வைத்த மேடாயினும், வைத்தவன் கையே அதைத் திறக்க வேண்டும். அந்த நீதியின் நிழலில்தான் திருட்டு சுகமாகத் தூங்கியது. மலையடியில் குக் ஒரு காவலாளையும் நிறுத்திவிட்டார். தாக் வீட்டார் தம் பாட்டனின் புல்லறுக்கவும் அதன்பின் ஏற முடியவில்லை.

தல்ஹோவின் தந்தை அதிகாரி வாசலில் முறையிட்டு, பிரம்படி வாங்கித் திரும்பினார். பிறகு குக்கின் வீட்டு வாசலிலேயே போய் நின்றார். இருவரும் ஒருகாலத்தில் பாதுக் என்னும் பலகைக்கல் ஆட்டம் ஆடிய தோழர்கள். குக் சிரித்துக்கொண்டே, "ஆடிப் பாக்கலாம் வா. ஜெயிச்சா எடுத்துக்கறேன்," என்றார்.

தந்தை வென்றார். அதுதான் கொடுமை. கற்களைச் சுவராக்கி வளைத்த வெற்றிடமே அந்த ஆட்டத்தில் வீடு; மூன்று வீடு முன்னே நின்று ஆட்டத்தை முடித்தார். முடித்த பிறகு எண்ண வேண்டும். எண்ணுவதற்கு முன், தன் எல்லைக்குள் வேலையின்றி நிற்கும் தன் கற்களைத் தானே எடுத்துவிட்டு, சுவரை மட்டும் நிறுத்தி வைத்து, உள்ளே எத்தனை வீடு காலியாயிருக்கிறது என்று பார்ப்பது அந்நாட்டு முறை. மகிழ்ச்சியில் நடுங்கிய கை, எடுக்கக் கூடாத ஒரு கல்லையும் எடுத்துவிட்டது. அந்தக் கல் சுவரின் மூட்டு. குக் அங்கே தன் கல்லை வைத்துச் சுவரை உடைத்தார். "என் வீட்டு வழக்கம் இது. எடுத்தது எடுத்ததுதான்," என்றார். முற்றத்தில் நின்று பார்த்த தல்ஹோவுக்கு அப்போது பத்தொன்பது வயது. "எங்கப்பாவ என் கையாலேயே தூக்கிக் குடுத்துட்டேண்டா," என்று தந்தை அந்தக் குளிர்காலம் முழுதும் சொல்லிக்கொண்டிருந்தார். பனி உருகுமுன் இறந்தார். மலை அடைபட்டிருந்ததால் ஆற்றுமணலில்தான் அவருக்கு மேடெழுப்ப முடிந்தது.

அன்றிலிருந்து தல்ஹோ ஆடினான். சந்தைகளிலும் மடங்களிலும் படகுத் துறைகளிலும், ஆடத் தெரிந்தவர் எவர் இருந்தாலும் அவர் எதிரே அமர்ந்தான். ஆண்டுக்கு இருமுறை, குக் விருந்தினருடன் ஆடும் நாள்களில், கூடத்தின் வெளியே வேடிக்கை பார்ப்போர் கூட்டத்தில் நின்றான். அவன் பார்த்தது குக்கின் ஆட்டத்தை அல்ல. எண்ணும்போது அவருடைய கையை.

தந்தையின் மேட்டில் புல்லறுத்த அன்று நண்பகலில் அவன் போய் நின்றபோது, குக் தம் விருந்தினர் கூடத்தில் பியோ வாத்தியாரோடு வறுத்த கஷ்கொட்டையை உடைத்துத் தின்றுகொண்டிருந்தார். பியோ ஊர்ப் பள்ளி நடத்துபவர். ஊரில் எந்த உடன்படிக்கையும் அவர் எழுத்தில்தான் நிற்கும். அவர் அங்கிருக்கும் நாளாகப் பார்த்துத்தான் தல்ஹோ வந்திருந்தான்.

"யாரு, தாக் வீட்டுப் பையனா," என்றார் குக். "அப்பன் மாதிரியே கூன் போட்டு நடக்கறியே. என்ன, மலையா? அது அங்கயேதான் இருக்கு. நான் ஒண்ணும் தூக்கிட்டுப் போயிடல."

"கேட்டு வாங்க வரலீங்க ஐயா. குடுத்துட்டுப் போக வந்தேன்."

மடியிலிருந்து மலையின் பழம்பத்திரத்தை எடுத்துத் தரையில் வைத்தான். குக்கின் கண்கள் அதன் மேல் நின்றன. அந்தக் காகிதம் ஒன்றுதான் அவர் திருட்டுக்கு எஞ்சியிருந்த சாட்சி.

"ஒரு ஆட்டம். நான் தோத்தா இது உங்களுது. மலை முழுக்க உங்க பேருக்கு. நான் ஜெயிச்சா, நீங்க உங்க அம்மாவ உங்க கையாலேயே எடுத்துக்கணும்."

பியோ வாத்தியார் கஷ்கொட்டையைக் கீழே வைத்தார். "சம்போங் ஐயா, பெத்தவங்களப் பலக மேல வைக்கிறது நல்லதில்லீங்க."

"தோக்கப் போறவன்தானே யோசிக்கணும் வாத்தியாரே. எழுதுங்க. தன் கையாலன்னு அவன் சொன்னதையும் எழுதுங்க, ஆசையா கேக்கறான். அப்படியே என் வீட்டு வழக்கத்தையும் எழுதிடுங்க. எண்ணும்போது எடுத்தது எடுத்ததுதான். அப்பனுக்கு மறந்த மாதிரி புள்ளைக்கும் மறந்துடப் போவுது."

"எழுதுங்க வாத்தியாரே," என்றான் தல்ஹோ. "பெரிய எழுத்தாவே எழுதுங்க."

பலகை வந்தது. உள்ளே பொள்ளலான மரப்பெட்டி அது. அடியில் கம்பிகள் இழுத்துக் கட்டியிருந்தன. ஒவ்வொரு கல்லை வைக்கும்போதும் உள்ளிருந்து யாழின் ஒற்றை நரம்பு போல ஓர் ஒலி எழுந்து, நெடுநேரம் அடங்காமல் நின்றது. பத்தொன்பது கோடுகள் நெடுக்கே, பத்தொன்பது குறுக்கே. ஆட்டம் தொடங்குமுன்பே இருவரும் தத்தமக்கு எட்டுக் கற்களை முறைப்படி இடம் பார்த்து வைத்தனர். மூத்தவருக்கு வெள்ளை, இளையவனுக்குக் கறுப்பு. கறுப்பின் முதற்கல் பலகையின் நெஞ்சில் விழும். தல்ஹோ அதை வைத்தபோது கம்பிகள் நெடுநேரம் அழுதன.

அதன்பின் விதி மிக எளியது; எளிமைதான் அதன் கொடுமை. கோடுகள் கூடும் முனையில் ஆளுக்கொரு கல். வைத்த கல் நகராது. அதைச் சுற்றியுள்ள வெற்று முனைகளே அதன் மூச்சு; நான்கு பக்கமும் எதிரி அடைத்தால் மூச்சடைத்து அது பலகையை விட்டுப் போகும். தன் கற்களைத் தொட்டுத் தொட்டு இணைத்தால் ஒன்றின் மூச்சு மற்றதற்கும் ஆகும். வெற்றிடத்தை வளைத்துக்கொண்டவனுக்கு அது வீடு. வீடு மிகுந்தவன் வென்றான்.

குக் நன்றாக ஆடினார். வஞ்சகர் என்பதால் கை மோசமானவர் என்று எண்ணிவிடக் கூடாது. மேற்கு மூலையில் பெரிய வீடு கட்டினார். தல்ஹோ கிழக்கில் கட்டினான். வெயில் வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்தபோது, தல்ஹோ ஒரு கல்லை எடுத்துக் குக்கின் மேற்கு வீட்டுக்குள்ளேயே கொண்டுபோய் வைத்தான். தனியாக, துணையின்றி.

"ஏண்டா, வாசல்ல காவலாள் நிக்கறப்ப உள்ள குதிக்கறே," என்றார் குக். "வழி தெரியாம வந்துட்டியா?"

"பாத்துட்டுப் போலாம்னு வந்தேங்க."

குக் அதற்குப் பதிலாகத் தம் சுவரை ஒட்டி உள்ளே ஒரு கல்லை வைத்தார். புகுந்த கல் செத்தது. தல்ஹோ அதைப் பற்றிக் கவலைப்பட்டவனாகத் தெரியவில்லை. மேலும் இரண்டு கற்களை அதே வீட்டுக்குள் இட்டுச் சாகவிட்டான். பியோ வாத்தியார் கண்ணை மூடிக்கொண்டார்.

ஆட்டத்தின் கடைசியில் எவருக்கும் வீடாகாத சில முனைகள் இரு சுவர்களுக்கும் நடுவே எஞ்சும். அவற்றை நிரப்புவது வெறும் முறை. தல்ஹோ மேற்குச் சுவரின் புறத்தே இருந்த அத்தகைய முனைகளையெல்லாம் ஒவ்வொன்றாக, பொறுமையாக, தன் கல்லால் நிரப்பினான்.

"தரிசு நிலத்த உழுதுக்கிட்டிருக்கான் பாருங்க," என்றார் குக். "வாத்தியாரே, எண்ணாமயே சொல்றேன். ரெண்டு வீடு நான் கூட."

அவர் கணக்குச் சரி. தல்ஹோவுக்கும் அது தெரியும். நேர்மையாக எண்ணினால் அவன் இரண்டு வீட்டில் தோற்றவன்.

செத்த கற்களை முதலில் அகற்றினர். பிறகு தல்ஹோ தன் வீட்டுக்குள் கையை நீட்டினான். விரல்கள் நடுங்கின. ஒரு கல்லைத் தொட்டான், விட்டான். மறுபடி தொட்டான். அவனுடைய தந்தையின் கை பன்னிரண்டு ஆண்டுக்குப் பின் அதே பலகையின் மேல் வந்து நின்றது போலிருந்தது. குக் முன்னே சாய்ந்தார். அவர் பார்வை அந்த விரல்களை விட்டு அகலவில்லை. அப்பன் செய்த பிழையை மகனும் எந்தக் கல்லில் செய்வான் என்று, எலிவளையின் முன் பூனை போல அவர் முகம் ஒளிர்ந்தது. அவர் கை மட்டும், எண்ணுகையில் எப்போதும் செய்வதுபோல, பாராமலே தம் வீட்டுக்குள் போய்க் கற்களைக் கொத்தாக வாரிக்கொண்டிருந்தது. வீட்டை அகலமாகத் திறந்து காட்டுவதில் அவருக்கு ஒரு பெருமை. பன்னிரண்டு ஆண்டாக அவர் கூடத்தில் எவரும் அவருடைய கையைத் தடுத்துக் கேட்டதில்லை.

புகுந்த கல்லுக்குப் பதிலாக அவர் வைத்த அந்தக் கல்லும் வாரலோடு போயிற்று.

தல்ஹோவின் நடுக்கம் நின்றது. தன் கிண்ணத்திலிருந்து ஒரு கறுப்புக் கல்லை எடுத்தான். குக் எடுத்த இடத்திலேயே வைத்தான். கம்பிகள் ஒலித்தன. சுவரின் மூன்று வெள்ளைக் கற்களுக்குப் புறத்தே இருந்த மூச்செல்லாம் தரிசு நிரப்பியபோதே போய்விட்டது. உள்ளே அவற்றை வீட்டோடு இணைத்திருந்தது அந்த ஒரு கல்தான்; அது போனபின் அந்த முனையே அவற்றின் கடைசி மூச்சு. மூன்றையும் எடுத்துத் தல்ஹோ பலகையின் வெளியே வைத்தான். மேற்கு வீட்டில் ஒரு வாசல் திறந்துகொண்டது; சுவர் உடைந்தபின் அது வீடாகக் கணக்கில் வராது.

"இரு இரு. கை தவறிடுச்சு," என்றார் குக்.

"வாத்தியாரே, காகிதத்த ஒரு தரம் படிங்க."

பியோ படித்தார். அவர் குரலில் ஏற்றமுமில்லை, இறக்கமுமில்லை. எடுத்தது எடுத்ததே என்ற வரிக்கு வந்தபோது மட்டும் சற்று நிறுத்திப் படித்தார்.

குக் தம் உள்ளங்கையிலிருந்த கற்களைப் பார்த்தார். பிறகு தல்ஹோவின் கையை. "நடுங்கினது நடிப்பா?"

"பாதி. மீதி எங்கப்பா குடுத்தது."

"சரி. ஆளுங்கள அனுப்பி வைக்கிறேன்."

"ஆளுங்க வேணாம். உங்க கையாலன்னு எழுதியிருக்கு. நீங்கதான் ஆசையா எழுதச் சொன்னீங்க."

மூன்றாம் நாள் காலை, பனி கரைந்த பின், அவர்கள் மலையேறினர். காவலாள் இல்லை. தல்ஹோ முன்னே நடந்தான். குக் தோளில் மண்வெட்டியோடு பின்னே வந்தார். அறுபத்து மூன்று வயதில் அவர் மண்வெட்டி தூக்கியது அதுவே முதல்முறையாக இருக்கும். வழி ஓரத்தில் புல்லறுக்கும் மக்கள் அரிவாளை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தனர். எவரும் வணக்கம் சொல்லவில்லை. ஒவ்வொரு பார்வைக்கும் குக்கின் முதுகு ஒரு விரல் குனிவதைத் தல்ஹோ திரும்பித் திரும்பிப் பார்த்தான். வேண்டுமென்றே மெதுவாக நடந்தான். இந்த வழி இன்னும் நீளமாயிருந்திருக்கலாம் என்று நினைத்தான்.

பாட்டனாரின் மேடு புதராய்க் கிடந்தது. அதன் தலைமாட்டில், செதுக்கிய கல்லோடு, குக்கின் தாயின் மேடு ஒழுங்காக இருந்தது. அதைக் கண்டதும் தல்ஹோவின் நெஞ்சில் பன்னிரண்டு ஆண்டாகத் தீட்டி வைத்த சொற்கள் எழுந்தன. மேட்டைத் திறக்குமுன் மலைத்தெய்வத்துக்கு அறிவிக்க வேண்டும். அதை மலைக்கு உடையவனே சொல்ல வேண்டும். அந்த அறிவிப்பில் என்ன சொல்வதென்று அவன் ஆற்றங்கரையில் ஒவ்வோர் ஆண்டும் சொல்லிப் பார்த்திருந்தான். மலையே, இந்தத் திருட்டுக் கிழவியைத் துப்பு. அவ்வளவுதான். அதை அவள் மகன் காதால் கேட்க வேண்டும்.

பியோ வாத்தியார் பைன் மரத்தடியில் பாய் விரித்து, அரிசி மதுவும் பேரிக்காயும் உலர்ந்த மீனும் வைத்தார். "சொல்லுங்க தல்ஹோ. யார எடுக்கறோம்னு மலைக்குச் சொல்லணும். எந்த ஊர்ல பொறந்தவங்கன்னு சொல்லித்தான் ஆரம்பிக்கணும்."

தல்ஹோ வாயைத் திறந்தான். அவளுடைய ஊர் அவனுக்குத் தெரியாது. மணமாகி வந்த பெண்ணை அவள் பிறந்த ஊரின் பெயரால்தான் தெய்வம் அறியும். மனிதரும் அப்படித்தான் அழைப்பர். பன்னிரண்டு ஆண்டாக அவன் வைத வசவுகளில் ஒன்றிலாவது அவளுக்கு ஊர் இருந்ததில்லை.

"உங்கம்மா எந்த ஊருப் பொண்ணு?" என்று கேட்டான். கேட்க நேர்ந்ததே அவனுக்குக் கசந்தது.

குக் மண்வெட்டியின் காம்பைப் பற்றிக்கொண்டு நின்றார். "கோக்சோங். ஆத்துக்கு மேல. பதினாறு வயசுல படகுல வந்தா." ஆற்றுப் பக்கம் கை காட்டி, "இந்த எடம் வேணாம்னுதான் சொன்னா. ஆத்தப் பாத்த மாதிரி எங்க வயலோரத்துல வைன்னா. நான்தான் கேக்கல," என்றார்.

காற்று பைன் இலைகளின் ஊடே போயிற்று. கீழே ஆறு தெரிந்தது. அதன் மணலில் ஒரு சிறு புள்ளியாகத் தந்தையின் மேடு. இங்கே ஒருத்தி, தான் வேண்டாமென்ற இடத்தில், தனக்கு உறவில்லாத கிழவர் ஒருவரின் தலைக்கு மேலே பன்னிரண்டு ஆண்டு கிடந்திருக்கிறாள். தல்ஹோவின் நாவில் தீட்டிய சொற்கள் அப்படியே இருந்தன. ஆனால் அவற்றை எறிவதற்குரிய ஆள் மேட்டுக்குள் இல்லை. மண்வெட்டியோடு மேட்டுக்கு வெளியே நின்றார்.

அவன் குக்கின் பக்கம் திரும்பினான். "உங்கள நான் மன்னிக்கப் போறதில்ல. ஒவ்வொரு மண்வெட்டி மண்ணையும் நீங்கதான் அள்ளணும். நான் உக்காந்து பாப்பேன்."

"சரி," என்றார் குக்.

பிறகு தல்ஹோ கிண்ணத்தை இரு கைகளாலும் பற்றினான். மதுவை மூன்று முறையாகப் பைன் மரத்தின் வேரில் ஊற்றினான். ஒரு துளியும் பாயின் மேல் சிந்தாதபடி மெல்ல ஊற்றினான். இரு முறை, நெற்றி மண்ணில் படத் தாழ்ந்து வணங்கினான். எழுந்து, மேட்டை நோக்கி, எவரும் கேட்க வேண்டுமென்று எண்ணாதவன் குரலில் சொன்னான்:

"மலையே, கோக்சோங் ஊர் மகள் இன்று உன்னை விட்டுத் தன் இடத்துக்குப் போகிறாள். தாயே, உன்னைத் தொடும் கைகள் மெல்லியவை ஆகுக. உன் வழியில் வெயில் சுடாதிருக்க. நீ விரும்பிய ஆறு உன் கண்ணெதிரே என்றும் தெளிந்தோடுக. நீ நன்றாகத் துயில்வாயாக."